பச்சை மூடிகள்

செப்டம்பர் கடைசி. இன்னும் கோட்டு எடுக்கவில்லை.
கண்ணாடியை இறக்கிவிட்டு வண்டி ஓட்டுகிறேன்.
அதுதான் வினை என்கிறார் கால்நடை மருத்துவர் யெல்மர்.
குளிர் விழுந்தால் பூச்சி சாகும்;
விழவில்லை.

ஃபிரீஸ்லாந்தில் பண்ணைக்குப் பண்ணை
சாலையோரம் ஒரு பச்சை மூடி உண்டு.
செத்ததை வெளியே கிடத்தி அதால் மூட வேண்டும்,
பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகும் வழி.
பிறகு நான் வருவேன்.
போன வருடம் இதே வாரம் நாளுக்கு ஒன்பது இடம்.
இன்று விடியுமுன் திரையில்
நாற்பத்தேழு.

கொசு அல்ல. கொசுவுக்குக் கொசுறு.
எள்ளை இரண்டாய் உடைத்தால் ஒரு பாதி,
அதற்கு இறக்கை வேறு.
கடைக்காரர் கையள்ளிப் போடுவதுபோல்
தெற்கத்திக் காற்று
வெயிலோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனது.
கடல் உள்ளே வராதிருக்க
எட்டு மீட்டர் உயரம் மண்ணை மெத்தி வைத்திருக்கிறோம்.
அதன் மேல் மேய்வதும் இந்தச் செம்மறிகள்தாம்.

நீலநாக்கு என்று பேர்.
நீலமாய் நான் பார்த்தது மூன்றோ நான்கோ.
மற்றதெல்லாம் கத்திரிக்காய்த் தோல் நிறம்,
வீங்கி, வாய்க்குள் அடங்காமல்,
பல்லுக்கு நடுவே கடிபட்டு.
குளம்புக்கு மேலே சிவந்த வளையம்.
நிற்க முடியாமல் முன்னங்காலை மடித்து
முட்டிபோட்டு மேயும்,
பிறகு மேயவும் முடியாது.

முப்பத்தொன்றாவது இடம் சிட்ஸ்கேயின் பண்ணை.
பதினான்கு நாளில் ஆறாவது முறை.
மூடியைத் தூக்கினேன்,
கிரேன் கொக்கியை இறக்கினேன்,
காது அசைந்தது.

காற்று என்று நினைத்தேன்.
காற்றே இல்லை.
மஞ்சள் காதுப்பட்டையில் கடைசி நான்கு எண் 0618.
கண் என்னைப் பார்த்தது என்று சொல்லமாட்டேன்;
திறந்திருந்தது, ஈரமாய்.

ஹாரன் அடித்தேன்.
என் வேலையில் ஹாரன் அடிப்பதில்லை.
திரைச்சீலை விலகியது. வெறும் காலுறையோடு ஓடிவந்தாள்,
கையில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு,
அதில் ஓட்ஸ் கஞ்சி.
மூன்று மணிக்கொரு தரம், பதினொரு வாய்க்கு,
நாலு ராத்திரியாய்.
“செத்துத்தான் இருந்தது” என்றாள்.
“செத்துத்தான் இருந்தது, ஹில்கே, தொட்டுப் பார்த்தேன்.”
கோபமாய்ச் சொன்னாள்,
ஆடு அவளை ஏமாற்றிவிட்டதுபோல.

பண்ணைக்குள் நான் கால் வைக்கக்கூடாது.
கையுறையைக் கழற்றாமல் பின்னங்கால் பக்கம் பிடித்தேன்.
கொட்டகையில் வைக்கோல் மேல் கிடத்தினோம்.
கன்னத்தோரம் சிரிஞ்சைச் செருகினாள்.
பாதிக் கஞ்சி வழிந்தது, பாதி
தொண்டையில் இறங்குவதைப்
பார்த்துக்கொண்டே நின்றோம்.
வண்டிக்குள் திரை கூவிக்கொண்டிருந்தது: தாமதம், தாமதம்.
படிவத்தில் எழுதினேன்:
எடுக்க எதுவும் இல்லை.

அக்டோபர் முழுக்க
முகம் கழுவுமுன் பட்டியலைத் தேடினேன்.
அவள் முகவரி மூன்று முறை வந்தது.
0594. 0602. எண் அழிந்துபோன ஒரு குட்டி.
0618 இல்லை.
இல்லையென்றால் பிழைத்தது என்று ஆகாது;
சனிக்கிழமைகளில் வேறு ஓட்டுநர்.
அவரிடம் நான் கேட்கவில்லை.

நவம்பர் பத்தொன்பது, முதல் உறைபனி.
வைப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.
திரையில் பதினொன்று.
தெற்கத்தி நோய் இங்கே எங்கே வரும் என்று
கோடையில் சிரித்த வொப்பே
பால் கேனோடு நின்றவர் கையசைத்தார்,
உடனே கையை இறக்கிக்கொண்டார்.

சிட்ஸ்கே பட்டியலில் இல்லை. வழியில்தான் பண்ணை.
பச்சை மூடி வேலியோரம் மல்லாந்து கிடந்தது,
உள்ளே மழைத்தண்ணீர், இலை, புழுக்கை, சேறு,
மேலே மெல்லிய பனித்தகடு.
தகட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.
வண்டியை நிறுத்தி இறங்கினேன்.
பூட்ஸ் குதிகாலால் தகட்டை உடைத்து,
கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டி,
வைத்துவிட்டுப் போனேன்.